தூங்குகிறவர்களின் காவல்காரி

ஆந்தையக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தவர்கள் கெட்ட எண்ணத்தில் வைக்கவில்லை. மெச்சித்தான் வைத்தார்கள். காய்ச்சலில் சிவந்த முகத்தைப் பார்த்து என்ன பளபளப்பு என்று மெச்சுகிறவர்களும் உலகத்தில் இருக்கத்தானே செய்கிறார்கள்.

அவள் வேலை பார்த்தது ஓர் ஊற்றுக் குளியல் நிலையத்தில், பெண்கள் பகுதியில். பூமிக்கடியிலிருந்து வெதுவெதுப்பாக ஏறி வரும் தண்ணீர் அது. கந்தகமும் இரும்பும் இன்னும் என்னென்னவோ உப்புகளும் அதில் கரைந்திருப்பதாக வாசலில் ஒரு பலகை சொல்லும். பலகையைப் படிக்கவே வேண்டாம், தெருமுனையிலேயே மூக்கு சொல்லிவிடும். அவித்து மறந்துபோன முட்டையின் வாடை. புதிதாக வருகிறவர்கள் கைக்குட்டையைத் தேடுவார்கள், இரண்டொரு நாளில் பழகிவிடும். தண்ணீர் பட்ட இடமெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் கறை ஏறும். தொட்டி, தரை ஓடு, துண்டு எதுவும் தப்பாது. அங்கே வேலை பார்க்கிற பெண்களின் கால் நகங்களும் தப்பாது. ஆந்தையக்காவின் நகங்கள் வருஷம் முழுக்க மருதாணி வைத்தது போலவே இருக்கும்.

முன்பெல்லாம் அங்கே வந்தவர்கள் மூட்டுவலிக்காரர்கள், இடுப்புப் பிடித்துக்கொண்டவர்கள். ஊரெல்லாம் அந்த வைரஸ் காய்ச்சல் வந்து போன பிறகு வேறு மாதிரி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். காய்ச்சல் விட்டிருக்கும், இருமல் நின்றிருக்கும், ரிப்போர்ட் எல்லாம் சரியாக இருக்கும். தூக்கம் மட்டும் வராது. படுத்தால் நெஞ்சு படபடக்கும். காரணமில்லாமல் அழுகை வரும். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே வீடு முழுக்கச் சாவி தேடுவார்கள். நிலையத்துக்கு வருகிற டாக்டரம்மா அவர்களை உட்கார வைத்து ரத்த அழுத்தம் பார்ப்பார். கூடவே ஒரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுவார்.

"இந்தத் தண்ணி மந்திரம் எல்லாம் இல்லம்மா. உடம்பு இளகும். உடம்பு இளகினா மனசு கொஞ்சம் வழி விடும். அவ்வளவுதான் நான் சொல்ல முடியும்."

தொட்டியில் கொஞ்ச நேரம் கழுத்தளவு கிடக்க வேண்டும். பிறகு உடம்பைத் துடைத்து, வெள்ளைத் துணியால் சுற்றி, மேலே கம்பளி போர்த்தி ஓய்வறையில் படுக்க வைப்பார்கள். அரை இருட்டான நீள அறை. இரண்டு வரிசைக் கட்டில்கள், தடித்த திரைகள், சுவரோரமாக ஓடும் வெந்நீர்க் குழாய். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சின்னப் பித்தளை மணியைக் கொடுப்பார்கள். சூடான தண்ணீரில் ஊறியவர்கள் சட்டென்று எழுந்தால் தலை சுற்றி விழுந்துவிடுவார்கள் என்பதால், மணியடிக்காமல் யாரும் எழக்கூடாது என்பது விதி. மணிச் சத்தம் கேட்டால் ஓடிப்போய்த் தாங்கிப் பிடிக்க, அறை மூலையில் நாற்காலி போட்டு ஒருத்தி விழித்திருக்க வேண்டும்.

கேட்பதற்குச் சுலபமான வேலை. உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். அந்தக் கதகதப்பும் அரை இருட்டும் சுற்றிலும் பத்துப் பேர் சீராக மூச்சு விடுகிற சத்தமும் சேர்ந்தால் பாறைகூடக் கண் அசந்துவிடும். அந்த நாற்காலியில் உட்கார்ந்து தூங்கி வழியாத பெண் அங்கே ஒருத்திதான். அவள் கொட்டக் கொட்ட விழித்திருந்தாள். ஆகவே ஆந்தையக்கா.

உண்மையில் அவள் ஒரு காலத்தில் தூக்கத்துக்குப் பேர் போனவள். படுத்தால் கட்டை. பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்த பெருமை அவளுக்கு உண்டு. கல்யாணத்துக்கு முன்பே அவள் இங்கே தொட்டி கழுவும் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அவள் கணவர் இங்கே குழாய் வேலைக்கு வந்தவர். அந்தத் தண்ணீர் உப்பு படிய வைத்துக் குழாயை அடைத்துவிடும், இரும்பாக இருந்தால் அரித்தும் விடும். அதனால் குழாய்க்காரருக்கு வருஷம் முழுக்க வேலை இருந்தது. எந்த இடத்தில் அடைத்திருக்கிறது என்று பார்க்க, சின்ன ஸ்பானரால் குழாயை டிக், டிக் என்று தட்டிக்கொண்டே போவார். வேலை முடிந்ததும் அந்த ஸ்பானரைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பெட்டியில் போட மாட்டார். அவருடைய எல்லாச் சட்டையிலும் அந்தப் பை மட்டும் தொங்கிப்போய் ஓட்டை விழுந்திருக்கும். "பைக்குப் பை ஒட்டுப் போட்டே என் கண்ணு போச்சு" என்று அவள் திட்டுவாள். ஸ்பானர் சட்டைப் பைக்குப் போய்விட்டால் அன்றைக்கு வேலை முடிந்தது என்று நிலையத்தில் எல்லாருக்கும் தெரியும்.

"உங்கம்மாவ எழுப்பணும்னா ஸ்பானர் பத்தாது, சம்மட்டிதான் வேணும்" என்பார் மகளிடம். மகள் சிரிப்பாள். அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் படுத்துத் தூங்கிவிடுவாள்.

அந்த வீட்டுக்கும் காய்ச்சல் வந்தது. முதலில் அவருக்கு, பிறகு அவளுக்கு. மகளுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. ஊர் அடங்கிக் கிடந்தாலும் ரொட்டி சுடுவது நிற்காது. அதனால் மகளை முன்னறையோடு நிறுத்திவிட்டு இருவரும் உள்ளறையில் கிடந்தார்கள். அவருக்குத் தொண்டை அடைத்துக் குரல் போய்விட்டது. தலைமாட்டில் ஒரு ஸ்டூல், அதன்மேல் ஒரு எவர்சில்வர் டம்ளர், ஒரு ஸ்பூன். தண்ணீர் வேண்டுமென்றாலோ, புரண்டு படுக்க வேண்டுமென்றாலோ அவர் ஸ்பூனால் டம்ளரைத் தட்டுவார். டிக், டிக். இடியே விழுந்தாலும் எழாதவள் அந்தச் சத்தத்துக்கு எழுந்தாள். தன் காய்ச்சலோடு காய்ச்சலாக இரவும் பகலும் எழுந்தாள். அவருக்கே ஆச்சரியம். சிரிக்க முயன்று இருமினார்.

ஒரு நாள் காலையில் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, தேறி வருகிறார், இனிப் பயமில்லை என்றார். அன்று அவளுக்கும் காய்ச்சல் விட்டிருந்தது. மத்தியானம் அவர் அரை டம்ளர் கஞ்சி குடித்தார். மூச்சும் கொஞ்சம் லேசாக வந்தது. அவள் சுவரோரமாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். படுக்கக்கூட இல்லை, கொஞ்சம் சாய்ந்தாள், அவ்வளவுதான்.

மகள் வந்து தோளைத் தொட்டபோதுதான் விழித்தாள்.

"அம்மா, தூங்கிட்டியா?"

மகள் கேட்டது அது மட்டும்தான். குரலில் குற்றம் எதுவும் இல்லை. கட்டிலைப் பார்த்துவிட்டு, என்ன சொல்வதென்று தெரியாமல் வாயில் வந்ததைக் கேட்டாள், பாவம். அவர் போயிருந்தார். இதயம் திடீரென்று நின்றுவிட்டது, பக்கத்தில் விழித்திருந்தாலும் யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் பிறகு சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள், நம்பவில்லை. ஏனென்றால் ஸ்பூன் ஸ்டூலில் இல்லை. அவரைக் குளிப்பாட்டுவதற்காகச் சட்டையைக் கழற்றியபோது, அவள் ஒட்டுப் போட்ட அந்தப் பைக்குள் இருந்தது.

அன்றிலிருந்து அவள் மனதுக்குள் ஒரே படம்தான் ஓடியது. காய்ச்சல் மயக்கத்தில் ஸ்பானர் என்று நினைத்து ஸ்பூனைப் பைக்குள் போட்டிருக்கிறார். பிறகு மூச்சு முட்டியிருக்கிறது. தட்டுவதற்காக ஸ்டூலைத் துழாவியிருக்கிறார். கூப்பிடக் குரல் இல்லை. அவள் இரண்டு முழம் தள்ளி வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஸ்பூன் பைக்குள் இருந்ததை மகளிடம்கூடச் சொல்லவில்லை.

தூக்கம் போயே போய்விட்டது. கண்ணை மூடினால் காது திறந்துகொள்ளும். பகலில் ஓய்வறையில் உட்கார்ந்திருந்தால், சூடு ஆறும்போது சுவரோரக் குழாய் டிக், டிக் என்னும். ஒவ்வொரு டிக்குக்கும் அவள் முதுகு நிமிரும். அதைப் பார்த்துத்தான் நிலையத்தில், என்ன ஒரு பொறுப்பு என்று மெச்சினார்கள். அவளுக்கும் அந்த நாற்காலியைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. யாருக்காவது காவலாக உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மட்டும்தான் நெஞ்சு கொஞ்சம் அடங்கியிருந்தது.

அதோடு நின்றிருந்தால் பெயரோடு போயிருக்கும். நிற்கவில்லை. தூங்குகிறவர்கள் மூக்கின் கீழே விரல் வைத்துப் பார்க்கத் தொடங்கினாள். பிறகு குனிந்து காதை வைத்தாள். அதுவும் போதாமல் தோளைத் தொட்டு, "என்னம்மா, ஏதாவது வேணுமா?" என்று கேட்டாள். தூக்கத்துக்காகத் தவம் கிடந்து, தண்ணீரில் ஊறி, இப்போதுதான் கண் செருகியவர்கள் திடுக்கிட்டு விழித்து, "வேணாம்" என்பார்கள். கொஞ்ச நேரத்தில் அடுத்த கட்டிலிலும் அதே கேள்வி. உலகத்திலேயே தூக்கத்துக்குக் காவல் போட்ட இடத்தில் காவல்காரியே தூக்கத்தைக் கலைத்தது அங்கேதான் நடந்திருக்கும்.

பஸ் கண்டக்டராக இருந்த ஒரு பெண் சிரித்துக்கொண்டேதான் முறையிட்டாள். "பஸ்ல தூங்கறவங்கள எல்லாம் நான் தட்டி எழுப்பி இறக்கி விடுவேன் மேடம். எல்லாம் சேர்த்து வச்சு இந்தக்கா என்கிட்ட வசூல் பண்றாங்க."

மேடம் என்பது மேற்பார்வையாளர். மூச்சு விடும்போது மூக்கில் மெல்லிய சீழ்க்கைச் சத்தம் வரும், ஆகவே முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் விசில். விசில் வருகிறார் என்று அவர் மூக்கே முன்கூட்டிச் சொல்லிவிடுவதால் அவரால் யாரையும் கையும் களவுமாகப் பிடிக்க முடிந்ததில்லை. அவர் ஆந்தையக்காவைக் கூப்பிட்டு, இனிமேல் மணி அடித்தாலொழிய யார் கட்டில் பக்கமும் போகக்கூடாது என்று கண்டித்தார். அவள் தலையாட்டினாள். தலையாட்டுவதில் என்ன இருக்கிறது?

டீச்சர் விஷயம் அப்புறம்தான் நடந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவர். காய்ச்சலில் கிடந்து எழுந்த பிறகு, கண்ணை மூடினால் திரும்பத் திறக்க மாட்டோமோ என்று பயம். அதனால் இரவெல்லாம் கட்டிலில் உட்கார்ந்தே இருப்பாராம். இங்கே வந்த முதல் சில நாள் மணியைக் கையில் இறுக்கிக்கொண்டு விட்டத்தைப் பார்த்தபடியே படுத்திருந்தார். அன்றைக்கு எப்படியோ தண்ணீர் தன் வேலையைச் செய்துவிட்டது. அடித்துப் போட்டதுபோல் தூங்கினார். குறட்டை வேறு. அறையில் மற்றவர்கள் அந்தக் குறட்டையைக் கேட்டுப் புன்னகைத்தார்கள். ஆந்தையக்காவும் முதலில் புன்னகைத்தாள்.

குறட்டை நின்றது.

புரண்டு படுக்கும் முன் யாருக்கும் ஒரு கணம் நிற்கத்தான் செய்யும். அவளுக்கு அதெல்லாம் தோன்றவில்லை. நாற்காலி சாய்ந்து விழ ஓடினாள். டீச்சரின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். "டீச்சர்! டீச்சர்!" அவர் அலறிக்கொண்டு எழுந்து, எழுந்த வேகத்தில் தலை சுற்றி, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்தார். மணிக்கட்டு பிசகிவிட்டது. ஆனால் அவர் அழுதது கைக்காக இல்லை.

"இத்தன மாசத்துல இன்னிக்குத்தான் தூங்கினேன். ஏங்க எழுப்பினீங்க?"

"மூச்சு..." என்றாள் ஆந்தையக்கா. டீச்சர் தரையில் உட்கார்ந்தபடி அவள் முகத்தையே பார்த்தார். தன்னுடைய பயம் அந்த முகத்திலும் இருந்ததை அடையாளம் கண்டுகொண்டாரோ என்னவோ, பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

விசில் மேடத்தின் அறையில் விசாரணை. மேடத்துக்குக் கோபத்தில் மூக்குச் சத்தம் கூடியிருந்தது. "நாளையில இருந்து நீ வராதே" என்று வாய்வரை வந்ததை, உள்ளே வந்த டாக்டரம்மா தடுத்துவிட்டார்.

"கடைசியா எப்பம்மா நல்லாத் தூங்கினீங்க?" என்று கேட்டார்.

"அவரு போன அன்னிக்கு மத்தியானம்."

அறையில் கொஞ்ச நேரம் மேடத்தின் மூக்கு மட்டும் கேட்டது. டாக்டரம்மா மருந்துச் சீட்டை எடுத்தார். மற்றவர்களுக்கு எழுதுவதையே இவளுக்கும் எழுதினார். தொட்டி, துணிச் சுற்று, ஓய்வறை.

"அதெப்படி டாக்டர்? தொட்டி கழுவறவங்க தொட்டியில இறங்கறதில்ல. ஆரம்பத்துல இருந்து இங்க வழக்கமே இல்ல" என்றார் மேடம்.

"தூங்காதவங்கள வச்சு மத்தவங்களத் தூங்க வைக்கறதும் நல்ல வழக்கம் இல்லையே மேடம்."

மேடம் ஜன்னலைப் பார்த்தார். கண்டிப்பானவர்தான், ஆனால் குழாய்க்காரர் செத்தபோது வாசலில் வந்து நின்று அழுதவரும் அவர்தான். கடைசியில் சொன்னார். "இந்த ஒரு வாரம் எல்லாரும் போன பிறகு நீ தொட்டியில இறங்கு. தூக்கம் வந்துச்சுன்னா அந்த நாற்காலி உனக்கு. வரலன்னா எனக்கு வேற வழியில்ல. நாளைக்கு இன்னொருத்தருக்குக் கையோட போகாம கழுத்தோட போயிடுச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

அத்தனை வருஷமும் வெளியே நின்று தேய்த்த தொட்டிக்குள் ஆந்தையக்கா முதல் முறையாக இறங்கினாள். சுகமாக இருந்ததா என்றால், இல்லை. இரண்டு விளிம்பையும் கையால் இறுகப் பிடித்துக்கொண்டு விறைத்துக் கிடந்தாள். எங்கே கறை விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதுகூடப் பரவாயில்லை. ஓய்வறையில் படுக்க வைத்தால் நிலைமை இன்னும் மோசம். அவளுக்குக் காவலாக உட்கார்ந்த பெண் தூங்கிவிடுகிறாளா என்று இவள் கட்டிலில் கிடந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏய், தலை சாயுது பாரு" என்று குரல் வேறு கொடுத்தாள். நோயாளி காவல்காரிக்குக் காவல் இருந்தாள். அந்தப் பெண் மேடத்திடம் போய், என்னால் முடியாது, எனக்குத்தான் இப்போது நெஞ்சு படபடக்கிறது என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

வாரம் முடியப் போகிறது என்ற நிலையில் மேடமே மகளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

மகள் வேலை முடிந்து புருவத்தில் மாவோடு வந்து அடுக்களை வாசலில் நின்றாள். அம்மா கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, வேலையே போகப்போகுதாமே. என்கிட்டச் சொல்லவே இல்ல."

"உனக்கு இருக்கற அலுப்பு போதாதா?"

"தூங்கினா என்னம்மா ஆயிடும்?"

"நான் தூங்கினா யாரு பாத்துக்கறது?"

"யாரை?"

அம்மா குழாயை மூடினாள். அப்பா போன பிறகு அம்மாவும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருப்பதை மகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கன்னம் ஒட்டி, கண்ணுக்கடியில் கறுத்து, ஒரு சட்டைத் துணி மாதிரி அம்மா நைந்துகொண்டே வந்தாள். எதைச் சொல்லி நிறுத்துவது என்றுதான் தெரியவில்லை.

"நீ ஊரையெல்லாம் பாத்துக்க. உன்னை நான் பாத்துக்கறேன்" என்றாள். "நாளைக்கு ஷிப்ட் முடிஞ்சதும் நேரா அங்க வர்றேன். அந்த நாற்காலியில நான் உக்கார்றேன்."

"விடியக்காலம் எழுந்து போறவ. நீ தூங்கிட மாட்டியே?"

"மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன், போதுமா?"

மறுநாள் கடைசி ஆளும் போன பிறகு மகள் வந்தாள். உடம்பெல்லாம் ரொட்டி வாசனை. அவித்த முட்டை வாடையோடு அது சேர்ந்தபோது, காலைச் சாப்பாடு தயார் என்று ஆந்தையக்காவே சொன்னாள். வெகு நாளைக்குப் பிறகு அவள் வாயில் வந்த வேடிக்கை அது. மகள் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, கையைத் தண்ணீருக்குள் விட்டு அளைந்தாள்.

"இது அப்பா போட்ட குழாயா?"

"அந்த வளைவு அவரு போட்டது. நேரா இருக்கறது பழசு. வளைச்சு விட்டாத்தான் உப்பு தங்காதுன்னு மேடத்துக்கிட்டச் சண்டை போட்டாரு."

"ஜெயிச்சாரா?"

"பாத்தா தெரியல? வளைஞ்சுதான இருக்கு."

இருவரும் அந்த வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன் வழியாகத்தான் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஆந்தையக்காவின் கைகள் எப்போது விளிம்பை விட்டன என்று அவளுக்குத் தெரியாது. மகள் பார்த்தாள், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. தண்ணீருக்குள் அம்மாவின் கைகள் மெல்ல மிதந்து மேலே வந்தன.

துணியைச் சுற்றி, கம்பளியைப் போர்த்தி, மணியைக் கையில் கொடுத்துவிட்டு மகள் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இழுத்துப் போட்டுக்கொண்டாள். அம்மா தலையைத் திருப்பிப் பார்த்தாள். மகள் கண்ணை அகல விரித்துக் காட்டினாள். கொஞ்சம் கழித்து அம்மா மறுபடி பார்த்தாள். மகள் இமைகளை விரலால் இழுத்துப் பிடித்துக் காட்டினாள். "சீ, பயமுறுத்தாத" என்று அம்மா சிரித்தாள். குழாய் டிக் என்றது. முதுகு விறைத்தது. மகளின் கை கம்பளி மேல் வந்து அமர்ந்தது. இன்னொரு டிக் கேட்டதா இல்லையா என்று அவளுக்கு நினைவில்லை.

விழித்தபோது திரையின் ஓரத்தில் வெளிச்சம் மஞ்சளாகியிருந்தது. எங்கே இருக்கிறோம் என்று முதலில் புரியவில்லை. உடம்பு கனமாக, இதமாக இருந்தது. நாக்கு வறண்டிருந்தது. தூங்கியிருக்கிறோம் என்று அவளுக்கு மெதுவாகத்தான் விளங்கியது. தண்ணீர் கேட்கலாம் என்று மணியைத் தூக்கித் தலையைத் திருப்பினாள்.

மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

சத்தியம் செய்தவள், நாற்காலியில் ஒரு பக்கமாகச் சரிந்து, வாய் லேசாகத் திறந்து, அடித்துப் போட்டது போலத் தூங்கிக்கொண்டிருந்தாள். காதோரத்தில் மாவு ஒட்டியிருந்தது. இரண்டு உள்ளங்கையும் மடியில் மல்லாந்து கிடந்தன. ஆந்தையக்காவின் கண் பழக்கதோஷத்தில் முதலில் மகளின் நெஞ்சுக்குத்தான் போனது. அது ஏறி இறங்கியது. சீராக ஏறி இறங்கியது. விரல் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. விடியக்காலை எழுந்து, அடுப்புச் சூட்டில் நின்று, நேராக இங்கே வந்த குழந்தை. தாகம் கொஞ்சம் பொறுக்கட்டும் என்று நினைத்தாள்.

மணி கையில் இருந்தது. கை அசைந்தால் அது அடித்துவிடும், குழந்தை திடுக்கிட்டு எழுந்துவிடும். அவள் மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டாள். சத்தம் வராமல் அதைத் துணி மடிப்புக்குள் மெல்லச் செருகினாள். நெஞ்சுக்குப் பக்கத்தில், சட்டைப் பை இருக்கிற இடத்தில்.

செருகிய கை அங்கேயே நின்றுவிட்டது.

அவர் தேடவில்லை. ஸ்டூலைத் துழாவவில்லை. அவர் இப்படித் தலையைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். தன் காய்ச்சலோடு காய்ச்சலாக எத்தனையோ இரவு எழுந்தவள், நாற்காலியில் சரிந்து, வாயைத் திறந்துகொண்டு, காய்ச்சல் வந்த பிறகு முதல் முறையாகத் தூங்குவதைப் பார்த்திருக்கிறார். கையிலிருந்து நழுவி டம்ளரில் பட்டுவிட்டால் இவள் எழுந்துவிடுவாள் என்று ஸ்பூனை எடுத்துப் பைக்குள் போட்டிருக்கிறார். வேலை முடிந்தால் ஸ்பானரை எங்கே போடுவாரோ அங்கே.

இப்படித்தான் நடந்தது என்று யாரும் வந்து சாட்சி சொல்லப் போவதில்லை. அவளுக்குச் சாட்சி தேவைப்படவில்லை. அவளுடைய கையே இப்போது அதைச் செய்திருந்தது. அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. சத்தம் போட்டால் மகள் விழித்துவிடுவாளே என்று கம்பளியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள். அவர் போன நாளிலிருந்து அவள் அப்படி அழுததில்லை. பயந்துதான் இருந்திருக்கிறாள், அழவில்லை. கண்ணீர் காதுக்குள் இறங்கித் தலையணை நனைந்தது. குழாய் டிக், டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது. அது குழாய்ச் சத்தமாகத்தான் கேட்டது.

வாசல் பக்கம் சீழ்க்கைச் சத்தம் வந்தது. மேடம் எட்டிப் பார்த்தார். கட்டிலில் அம்மா உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். மேடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மூக்கைக் கையால் பொத்திக்கொண்டு, வந்த வழியே போனார்.

வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மங்கிய பிறகு மகள் தூக்கிவாரிப் போட்டு எழுந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"ஐயோ! அம்மா, நான் தூங்கிட்டேனா?"

"ஆமா."

"எழுப்பியிருக்கக் கூடாதா? உனக்கு ஏதாவது ஆயிருந்தா? மணி எங்க? மணி எங்கம்மா?"

ஆந்தையக்கா துணி மடிப்புக்குள் கை விட்டு மணியை எடுத்து மகளின் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீ அப்படித் தூங்கினடி. எழுப்ப மனசு வரல" என்றாள். "போ, போய்க் குடிக்கத் தண்ணி கொண்டா. உங்கப்பாவப் பத்தி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."